வெள்ளாங்கிடையில் காய்கறி விலை நிலவரம்

மார்ச் 4, செவ்வாய்

இந்த நோட்டு நர்சு விமலா கொடுத்தது. "ஜோதி என்ன சாப்புடுதுன்னு தெனமும் எழுதுங்கக்கா. வாய்க்கு வந்ததச் சொல்லாதீங்க" என்றாள். அவள் யாரிடம் பேசுகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை. பதினொரு வருடமாக வெள்ளாங்கிடைப் பகுதிநேர நூலகத்தை நடத்துகிறவள் நான். ஒரு பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் காட்டச் சொல்லுங்கள் பார்ப்போம்.

நாகஜோதி என் ஒரே மகள். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து போன வாரம்தான் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்து வந்தேன். இவள் அப்பா ஆந்திராவில் போர்வெல் லாரியில் இருக்கிறார். குழந்தை பிறந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். இன்று ரத்தம் பார்த்ததில் ஜோதிக்கு ஹீமோகுளோபின் எட்டு புள்ளி இரண்டு. ஏப்ரல் 22ஆம் தேதி மறுபடி பார்ப்பார்கள். அதற்குள் பத்தாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சம்பந்தியம்மாள் பஞ்சவர்ணம் வந்து ஜோதியை டவுனுக்கே திருப்பி அழைத்துப் போய்விடுவாள். அவர்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி மார்க்கெட். இதை வளைகாப்பு அன்றே நாலு பேர் காதில் விழச் சொல்லிவிட்டாள். வளையல் போட்டு அழைத்து வந்த பெண்ணைப் பாதியில் திருப்பி அனுப்பினால் அந்தத் தாய்க்கு என்ன பேர் என்று நான் எழுத வேண்டியதில்லை.

விமலா ஒரு பட்டியல் கொடுத்தாள். முருங்கைக்கீரை, அரைக்கீரை, பீட்ரூட், பீன்ஸ், எலுமிச்சை. நேரே சோலைராஜ் கடைக்குப் போய் வாசித்துக் காட்டினேன். கடையில் பதினான்கு வகைச் சிப்ஸ் சரம் சரமாகத் தொங்குகிறது. தக்காளி ஒன்றுதான் இருந்தது, பாக்கெட்டின் மேல் படமாக. "காய் ரெண்டு நாள்ல வாடிரும் மதினி. இது ஆறு மாசம் நிக்கும்" என்றார்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. இங்கே கிணற்றுத் தண்ணீர் உப்பு. மிளகாயும் சீமைக்கருவேலமும் தவிர எதுவும் வராது. ஊரில் இருப்பது ஒரே ஒரு முருங்கை மரம். அறுபது வீட்டுக்காரர்கள் உருவி உருவி அது குடைக்கம்பியாக நிற்கிறது. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் வந்துகொண்டிருந்தார். தரைப்பாலம் உடைந்து, பதினொரு கிலோமீட்டர் சுற்றி வர வேண்டியதான பிறகு, டீசல் கட்டவில்லை என்று ஐப்பசியோடு நின்றுவிட்டார்.

ஜோதி சாப்பிட்டது: சோறு, பருப்பு, வத்தல் குழம்பு, இரும்புச் சத்து மாத்திரை ஒன்று. கறி, முட்டை வாடை வந்தாலே குமட்டுகிறது.

மார்ச் 5, புதன்

புதன்கிழமை விலை நாள். ஜனவரியில் இருந்து இந்தக் கூடுதல் வேலையையும் என் தலையில் கட்டியிருக்கிறார்கள். வெள்ளாங்கிடையில் பதினெட்டு வகைக் காய்கறிகள் என்ன விலைக்கு விற்கின்றன என்று ஒவ்வொரு புதனும் போனில் ஏற்றி மாவட்ட விலைப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். மாதம் நானூறு ரூபாய்.

ஊரில்தான் காய்கறியே கிடையாதே என்று முதல் வாரமே கேட்டேன். இருக்கும் விலையைப் போடுங்கம்மா என்றார்கள். இருக்கும் விலை பத்திரிகையில் இருக்கிறது. நூலகத்துக்கு வரும் பத்திரிகையில் வியாழக்கிழமைதோறும் மாவட்டக் காய்கறி விலை இருக்கும். அதைப் பார்த்து அடுத்த புதன் ஏற்றிவிடுவேன். படிவத்தில் ஒரு கட்டம்கூட வெறுமையாக இருக்காது. காலை பத்து மணிக்குள் அனுப்பிவிடுவேன்.

மூன்று வாரத்துக்கு முன் பத்திரிகையில் கத்தரிக்காய் வரியை எலி கடித்துவிட்டது. இருபத்தாறு ரூபாய் ஐம்பது காசு என்று உத்தேசமாகப் போட்டேன். மறுநாள் பத்திரிகையைப் பார்த்தால் அதே இருபத்தாறு ஐம்பது. காசு பிசகவில்லை. என் மார்க்கெட் ஞானம் எனக்கே பெருமையாக இருந்தது.

ஜோதி சாப்பிட்டது: சோறு, ரசம், அப்பளம். சிப்ஸ் பாக்கெட் ஒன்று எனக்குத் தெரியாமல்.

மார்ச் 8, சனி

நூலகத்தைப் பூட்டிவிட்டு மினிபஸ்ஸில் டவுனுக்குப் போனேன். போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். நாலு கட்டு அரைக்கீரை, ஒரு கிலோ பீட்ரூட் வாங்கினேன். வருகிற வழியில் ஒரு பாலத்தடியில் பஸ் ஒரு மணி நேரம் நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால் கீரை தேயிலையாகியிருந்தது. இருந்தாலும் கடைந்து கொடுத்தேன்.

ஜோதி சாப்பிட்டது: கீரை (பழுப்பு), பீட்ரூட் பொரியல். நீயும் சாப்பிடு என்றாள். எனக்குப் பீட்ரூட் எப்போதுமே பிடிக்காது.

மார்ச் 11, செவ்வாய்

பூசணிக்காயை இன்று வீரணன் மகள் நிச்சயதார்த்தத்துக்கு எழுதிக் கொடுத்தேன்.

இதை விளக்க வேண்டும். தை மாதம் ஒரு கிரகப்பிரவேசத்துக்கு வெளியூர்ச் சொந்தம் எட்டுக் கிலோ மஞ்சள் பூசணி ஒன்று கொண்டுவந்தது. இந்த ஊரில் சீர்த்தட்டில் காய் இல்லாமல் போனால் மானம் போய்விடும். ஆனால் காய்க்கு எங்கே போவது? எனவே அந்தப் பூசணியை வெட்டாமல் ஊருக்குப் பொதுவாக வைத்துக்கொள்வதென்று முடிவானது. பத்திரமான இடம் நூலகம்தான் என்று என்னிடம் விட்டார்கள். பொருளாதார அடுக்கில் கடைசித் தட்டில் வைத்திருக்கிறேன். அடியில் நூலக முத்திரை குத்தி, நூல் வழங்கும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தான் தருவேன். மூன்று நாளில் திருப்ப வேண்டும். இதுவரை ஒன்பது விசேஷம் பார்த்துவிட்டது. பதினொரு வருடத்தில் எந்தப் புத்தகமும் இவ்வளவு வெளியே போனதில்லை.

இது ஊரார் எல்லாருக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. சபையில் யாரும் வாய் திறப்பதில்லை.

ஜோதி சாப்பிட்டது: சோறு, துவையல், மாத்திரை.

மார்ச் 13, வியாழன்

நூலகத்தில் மேல் தட்டுக்கு எட்டும்போது அலமாரி ஆடியது. தரை சமமாக இல்லை. மனு எழுத வேண்டும்.

மார்ச் 17, திங்கள்

நடமாடும் காய்கறி வண்டி! வாரம் ஒரு நாள், மார்க்கெட் விலைக்கே ஊர் ஊராகக் கொண்டுவந்து கொடுக்கப் போகிறார்களாம். பத்திரிகையில் ஊர்ப் பட்டியல் வந்திருக்கிறது. நூலகத்தில் இத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்து நான் பார்த்ததே இல்லை. சத்தமாக வாசித்தேன். நாற்பத்தொரு ஊர். பக்கத்துக் கரிசல்பட்டி இருக்கிறது. வெள்ளாங்கிடை இல்லை.

கீழே காரணமும் போட்டிருந்தது. ஊர் ஊராக வந்த விலைக் கணக்கைப் பார்த்து, விலையே வராத ஊர்களை மட்டும் காய் கிடைக்காத ஊர்கள் என்று எடுத்தார்களாம். மற்ற ஊர்களில் காய்கறி நியாயமான விலையில் தாராளமாகக் கிடைக்கிறதாம்.

கரிசல்பட்டிக்காரர்கள் யாரையோ பிடித்துவிட்டார்கள் என்றார் வீரணன். எல்லாம் அரசியல் என்றார் சோலைராஜ். எந்தப் பாவி நம்ம ஊரில் காய் கிடைக்கிறதென்று எழுதிக் கொடுத்தான் என்று ஒரு பெண் கேட்டாள். நான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் தூசி நிறைய இருக்கிறது.

ஜோதி சாப்பிட்டது: எழுத மறந்துவிட்டேன். சோறுதான்.

மார்ச் 19, புதன்

இன்று உண்மையை எழுதுவதென்று முடிவெடுத்தேன். பதினெட்டுக் காய்க்கு நேரேயும் "இல்லை" என்று ஏற்றினேன். போன் ஏற்கவில்லை, எண் மட்டும்தான் போட வேண்டுமாம். பதினெட்டுக்கும் பூஜ்யம் போட்டேன். உடனே ஏற்றுக்கொண்டது.

ஜோதி சாப்பிட்டது: சோறு, கொத்தவரை வத்தல். என் பங்கு வத்தலையும் அவளுக்கே வைத்தேன். எனக்குப் பசி இல்லை. இந்த நாட்களில் பச்சரிசியை வாயில் போட்டு மெல்வது நன்றாக இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

இன்றைய பத்திரிகையில் காய்கறி விலைப் பகுதி முழுக்க வெறும் கோடுகளாக வந்திருக்கிறது. இந்த அச்சாபீஸ்காரர்களுக்குக் கொஞ்சமும் பொறுப்பில்லை.

மார்ச் 24, திங்கள்

மாவட்ட விலைப் பிரிவிலிருந்து, அன்னமயில் என்று என் பேர் போட்டே ஒரு கடிதம். காய்கறிகள் அனைத்தும் விலையின்றிக் கிடைக்கும் முன்மாதிரி ஊராக வெள்ளாங்கிடை தேர்வாகியிருக்கிறதாம். சுதந்திர தினத்தன்று கேடயம் தருவார்களாம். கடிதத்தை மடித்துப் பூசணிக்காய்க்கு அடியில் வைத்தேன்.

பஞ்சவர்ணம் போன் செய்தாள். "என்ன மதினி, பிள்ள என்ன சாப்புடுறா?" என்றாள். எல்லாம் கிடைக்கிறது என்றேன். பொய் சொல்லவில்லை, கடிதம் இருக்கிறது.

மார்ச் 26, புதன்

பூஜ்யமும் தப்பு, பத்திரிகை விலையும் தப்பு. அப்படியானால் நிஜமாக ஆன செலவைப் போடுவதுதான் முறை. நேற்று டவுனுக்குப் போய் ஒரு கிலோ கேரட் மட்டும் வாங்கி வந்தேன். வேறு எதுவும் நல்லதாக இல்லை. கேரட், பஸ், நூலகத்தை அடைத்ததற்குப் பிடித்த அரை நாள் சம்பளம், தலை சுற்றியதால் குடித்த சோடா, எல்லாம் சேர்த்து முந்நூற்றுப் பன்னிரண்டு ரூபாய். கேரட்: 312 என்று ஏற்றினேன். வாங்காத காய்களுக்கு இரண்டு வாரத்துக்கு முந்தைய விலையையே போட்டேன். வாங்காத பொருளுக்குச் செலவு எழுதுகிற பழக்கம் எனக்கு இல்லை.

ஜோதி சாப்பிட்டது: கேரட் பொரியல் இரண்டு வேளை.

மார்ச் 27, வியாழன்

பத்திரிகையில் கேரட் முந்நூற்றுப் பன்னிரண்டு. டவுன்காரர்களும் என்னைப் போலவே சோடா வரை கணக்குப் போட்டிருக்கிறார்கள் போல. ஒரு ரூபாய்கூட வித்தியாசமில்லை.

சாயங்காலம் பஞ்சவர்ணம் மறுபடி போன். மார்க்கெட்டில் நேற்று நாற்பதுக்கு விற்ற கேரட்டைப் பேப்பர் பார்த்துவிட்டு முந்நூறுக்கு ஏற்றிவிட்டானாம் கடைக்காரன். அவள் குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்ததை ஒத்துக்கொள்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

காலையில் ஊருக்குள் ஒரு லாரி வந்து நின்றது. மலையிலிருந்து நேரே வருகிறதாம். நாலு டன் கேரட். வெள்ளாங்கிடையில் கேரட் முந்நூறுக்கு மேல் போகிறதென்று விலைப் பிரிவில் விசாரித்து மண்டியில் சொன்னார்களாம். கிலோ முந்நூறு என்று டிரைவர் கூவினார். ஊர் முழுக்கக் கூடி நின்று கேரட்டைப் பார்த்தது. யாரும் வாங்கவில்லை. பதினொரு மணிக்கு இருநூறு, பகல் பன்னிரண்டுக்கு ஐம்பது. நாலு மணிக்கு வெயிலில் கேரட் வதங்க ஆரம்பித்ததும் ஐந்து ரூபாய்க்குக் கொடுத்துவிட்டு, தார்ப்பாயை உதறிக்கொண்டு போய்விட்டார். போகும்போது டிரைவர் அழுதுகொண்டிருந்தார் என்று பிள்ளைகள் சொன்னார்கள்.

ஜோதி சாப்பிட்டது: கேரட் பொரியல், கேரட் சாம்பார், கேரட் அல்வா.

ஏப்ரல் 2, புதன்

கேரட்: 5 என்று ஏற்றினேன். அதுதானே விலை.

விமலா வந்தாள். ஊரில் ஆடு வரைக்கும் கேரட் தின்பதைப் பார்த்துச் சிரித்தாள். ஜோதிக்கு மூன்று நாளாகக் கேரட்தான் கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னேன். "கேரட்டு கண்ணுக்குத்தான்க்கா நல்லது. ரத்தத்துக்குக் கீரையும் பீட்ரூட்டும்ல சொன்னேன்" என்றாள். ஆக, ஊரில் எல்லாருக்கும் இப்போது கண் நன்றாகத் தெரியும்.

ஏப்ரல் 3, வியாழன்

இதை முழுசாக எழுதிவிட வேண்டும்.

இன்று சோலைராஜ் மகளுக்குக் காதுகுத்து. அவர் மச்சினன் பாலுச்சாமி, வெளியூர்க்காரர், தாய்மாமன் சீர் கொண்டுவந்தார். மேளம் முன்னால் போக, நடுத்தட்டில் நம் பூசணி, சந்தனம் குங்குமத்தோடு. முந்தாநாள் அவருக்காகச் சோலைராஜ்தான் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து ஒரு ஜீப் வந்தது. விலைப் பிரிவு ஆய்வாளர் ஜெயசீலன். ஒரே ஊரில் கேரட் ஒரு வாரம் பூஜ்யம், மறுவாரம் முந்நூற்றுப் பன்னிரண்டு, அடுத்த வாரம் ஐந்து என்று வந்தால் நேரில் பார்க்காமல் விட முடியாதாம்.

நான் ஓடிப்போய், ஊரில் காயே கிடைக்காது, பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர் கண் சீர்த்தட்டில் நின்றது. இது என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று பாலுச்சாமியைக் கேட்டார். மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். தாய்மாமன் சபையில் என்ன சொல்வார்?

"கிலோ நாப்பது. இங்கதான், உள்ளூர்லயே வாங்குனேன்" என்றார் பாலுச்சாமி.

ஆய்வாளர் எழுதிக்கொண்டார். பூசணி, உள்ளூரில் கிடைக்கிறது, நாற்பது. நான் சுற்றிலும் பார்த்தேன். சோலைராஜ் தலை குனிந்துகொண்டார். வீரணன் பந்தல் காலை ஆராய்ந்தார். கூட்டத்தின் ஓரத்தில் ஜோதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவள் உதடு வெளுத்திருந்தது. எனக்கு அப்போது மானம் மரியாதை எதுவும் தோன்றவில்லை. தட்டிலிருந்து பூசணியைத் தூக்கித் தலைகீழாகத் திருப்பினேன். "பகுதிநேர நூலகம், வெள்ளாங்கிடை" என்ற முத்திரை நன்றாகத் தெரிந்தது. மூன்று மாசமாக இந்த ஊரில் இருக்கும் ஒரே காய் இதுதான், இதையும் நாங்கள் தின்பதில்லை, இரவல் கொடுக்கிறோம் என்றேன்.

அப்படியானால் ஜனவரியிலிருந்து விலை அனுப்பியது எப்படி என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம்.

"பேப்பரப் பாத்து எழுதுனேன் சார். காயே இல்லாத ஊருக்கு வாரா வாரம் நான்தான் வில போட்டேன். அதனாலதான் வண்டி வரல" என்றேன். ஊர் மொத்தமும் கேட்டது.

ஆய்வாளர் என்னைத் தனியே அழைத்துப் போய் மெதுவாகப் பேசினார். ஆனால் பக்கத்திலேயே பந்தல் மைக் போட்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

"பேப்பருக்கு வெலய யாரும்மா குடுக்குறா? நாங்கதான். எங்களுக்கு யார் குடுக்குறா? நீங்கதான். புதன்கெழமை பத்து மணிக்குள்ள ஒழுங்கா அனுப்புறது இந்த மாவட்டத்துலயே நீங்க ஒருத்தர். அனுப்புற மத்த ஊர்க்காரங்க எல்லாம் வியாழக்கெழமை பேப்பரப் பாத்துத்தான் போடுறாங்க. ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் காய் வில ஏன் அசையவே இல்லன்னு நானும் யோசிச்சுக்கிட்டே இருந்தேன்."

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். எலி கடித்த கத்தரிக்காய் ஞாபகம் வந்தது. அந்த இருபத்தாறு ஐம்பதை மாவட்டமே வைத்துக்கொண்டு பிழைத்திருக்கிறது.

வண்டிப் பட்டியல் இனி ஜூலையில்தான் திருத்தப்படும் என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார். ஜோதிக்கு மே மாதம் தேதி. தயவுசெய்து புதன்கிழமை அனுப்புவதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், மாவட்டத்துக்கே விலை இல்லாமல் போய்விடும் என்று கண்ணாடியை இறக்கிச் சொன்னார்.

பிறகு யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். பாலுச்சாமி சாப்பிடாமல் போய்விட்டார். பந்தி முடிந்ததும் சோலைராஜ் வந்தார். "வண்டிய நிறுத்துனது நீங்க. அது வர்ற வரைக்கும் நீங்கதான் மதினி வண்டி" என்றார். ஊரும் அதுதான் சரி என்றது. செவ்வாய்தோறும் டவுனுக்குப் போய் ஊருக்கே காய் வாங்கி வர வேண்டும். சரி என்றேன்.

ஜோதி சாப்பிட்டது: பந்தியில் சோறு, கேரட் சாம்பார்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வண்டியாகி முதல் நாள். முப்பத்தொரு வீட்டுப் பட்டியல், மூன்று சாக்கு. மூட்டைக்குத் தனி டிக்கெட் என்று கண்டக்டர் என் டிக்கெட்டுக்கு மேலேயே வாங்கினார். கீரையை ஈரப் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்ததால் பச்சையாகவே வந்து சேர்ந்தது. இறங்குகிற இடத்தில் பஸ் ரொம்ப ஆடியது. புது டிரைவர். யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள், வெயில் அல்லவா.

வாங்கிய விலைக்கே கொடுத்தேன். கேரட் நாற்பது என்றதும் வீரணன் பெண்டாட்டி கீரை சுற்றிய ஈரப் பேப்பரைப் பிரித்துக் காட்டினாள். "பேப்பர்ல அஞ்சு ரூவான்னுல போட்டுருக்கு? நீங்க நாப்பது சொல்றீங்க?" என்றாள். அந்த ஐந்தை எழுதியவள் நான் என்று அவளுக்கும் தெரியும். இருந்தாலும் அச்சில் வந்துவிட்டது என்றாள்.

ஜோதி சாப்பிட்டது: அரைக்கீரைக் கூட்டு, பீட்ரூட், எலுமிச்சைச் சாறு. அழகாகச் சாப்பிட்டாள். மீதியையும் நாளைக்கு அவளுக்கே எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு அரிசி இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

நாலு சாக்கு. வீட்டுப் படியில் ஒன்று கூடியிருக்கிறது போல, ஏற ஏற வந்துகொண்டே இருந்தது.

ஜோதி சாப்பிட்டது: கீரை, பீன்ஸ், பீட்ரூட். கன்னத்தில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது.

ஏப்ரல் 22, செவ்வாய்

பத்து புள்ளி மூன்று.

இன்னொரு தடவை எழுதிக்கொள்கிறேன். பத்து புள்ளி மூன்று. பஞ்சவர்ணம் ஜோதியை அழைத்துப் போகவென்றே பெட்டியோடு வந்திருந்தாள். கருவியில் எண்ணை விமலா காட்டியதும் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, "காப்பி போடுங்க மதினி" என்றாள். அந்தக் காப்பியைப் போல ஒன்றை நான் யாருக்கும் போட்டதில்லை.

காப்பி குடித்துக்கொண்டே விமலா இந்த நோட்டை முதலிலிருந்து படித்தாள். சிரித்துக்கொண்டே படித்தவள் நடுவில் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "பச்சரிசி திங்கிறீங்களாக்கா?" என்று கேட்டாள். ருசியாக இருக்கிறது என்றேன். கையை நீட்டச் சொன்னாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, நாலு சாக்குப் பட்டியல் காத்திருக்கிறது என்று சொன்னதைக் கேட்கவே இல்லை. விரலில் குத்திவிட்டாள்.

ஆறு புள்ளி ஒன்று என்று காட்டுகிறது. கருவி பழுது. பத்து புள்ளி மூன்று காட்டிய அதே கருவிதான் என்று விமலா சொல்கிறாள். அதுவரைக்கும் சரியாக இருந்து அப்புறம் பழுதாகியிருக்கும்.

நாளை புதன். பத்து மணிக்குள் விலை அனுப்ப வேண்டும்.

ஏப்ரல் 23, புதன்

இது நாகஜோதி எழுதுகிறேன். அம்மா பேனாவைத் தொடக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

என்னை அழைத்துப் போக வந்த அத்தை, இன்று காலை அம்மாவை டவுன் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். ஊசி போட்டு, சாயங்காலம் கூட்டி வந்தார். இன்னும் நாலு ஊசி இருக்கிறதாம். போகும்போதும் அம்மா பத்து மணி, பத்து மணி என்று சொல்லிக்கொண்டே போனாள். அத்தை மார்க்கெட்டுக்குள் போய் ஒவ்வொரு கடையாகக் கேட்டுப் போனில் சொன்னார், நான் ஏற்றினேன். பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. நாளைய பத்திரிகையில் வருவது உண்மையான விலை.

அடுத்த செவ்வாயிலிருந்து சோலைராஜ் மாமாவும் வீரணன் மாமாவும் முறை வைத்து டவுனுக்குப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். கேட்டதும் அம்மா திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதாள். நான் பார்க்காதது போல இருந்தேன்.

நோட்டை நானும் படித்தேன். ஐம்பது நாளில் அம்மா சாப்பிட்டதாக ஒரு சோடாவும் கொஞ்சம் அரிசியும்தான் இருக்கிறது.

மத்தியானம் பூசணிக்காயை எடுத்து வந்து வெட்டினேன். மூன்று மாசமாகியும் உள்ளே நல்ல மஞ்சளாக இருந்தது. சத்தம் கேட்டு வந்த சோலைராஜ் மாமா, வெள்ளிக்கிழமை விசேஷத்துக்குச் சீர்த்தட்டில் எதை வைப்பது என்று கேட்டார். நூலகத்தில் புத்தகம் நிறைய இருக்கிறது, அதில் ஒன்றை வையுங்கள் என்றேன். பாதிப் பூசணியை அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். வாங்கிக்கொண்டார்.

அம்மா சாப்பிட்டது: சோறு, பூசணிக் கூட்டு மூன்று கரண்டி, அரைக்கீரை, எலுமிச்சைச் சாறு. எனக்குப் பூசணி எப்போதுமே பிடிக்காது என்றாள். நான் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். தட்டை வழித்துச் சாப்பிட்டாள்.

நூல் வழங்கும் பதிவேட்டிலும் எழுதிவிட்டேன். பொருள்: பூசணிக்காய். எடுத்தவர்: அன்னமயில். திருப்பித் தர வேண்டிய நாள் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

அம்மா பதிவேட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள். கோடு கோணலாக இருக்கிறது என்றாள்.